இடைவெளி இல்லாத அம்மாக்கண்ணு

உங்கள் பெயருக்கு நடுவில் இடைவெளி இருக்கிறதா? சிரிக்காதீர்கள். இல்லையென்றால், வட்டவளைக்கு மேலே இருக்கும் ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்தில் போன மழைக்காலத்தில் ஒரு மாதம் முழுக்க உங்களுக்கு அரைச் சம்பளம்தான் கிடைத்திருக்கும்.

அந்தத் தோட்டத்து அலுவலகத்தில் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பவர் ஜொய்சி. அங்கேயே தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து, ஹட்டனில் நிரல் எழுதப் படித்தவர். இத்தனை படித்தவருக்கு அலுவலகம் கொடுத்த வேலை, தொழிலாளி ஒவ்வொருவர் பெயரிலும் தினம் ஒரு கோப்பு உண்டாக்கி, அன்றைய கொழுந்தின் எடையை அதில் பதிவது. செய்தார். எடை தவறியதில்லை.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன எடைக்குக் கொழுந்து கொடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். இது பெரிய கிளாக்கர் ஜூட்சனுக்குத் தெரியாததல்ல. ஆனால் கோப்புகளுக்கு நிறம் போட்டுத் தரச் சொல்லி கொழும்பு மென்பொருள்காரருக்கு எழுதியபோது, அவர் தன் ஆங்கிலப் புலமையைக் காட்டிவிட்டார். 'முழுப் பெயர்களைப் பச்சையாகவும் அரைப் பெயர்களை மஞ்சளாகவும் காட்டவும்' என்று ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் எழுதினார்.

கொழும்புக்காரர் தேயிலையைப் பாக்கெட்டில் மட்டும் பார்த்தவர். அரைப் பெயர் என்றால் என்னவாக இருக்கும்? யோசித்தார். இரண்டு சொல் இருந்தால் முழுப் பெயர், ஒரே சொல் என்றால் அரைப் பெயர். வேறென்ன? கோப்புகளை வரிசையாகக் காட்டும் அந்தச் சாளரம், ஒவ்வொரு கோப்பையும் திரையில் வரையும் முன் அதற்கு என்ன நிறம் என்று நிரலைக் கேட்கும். அந்த இடத்தில் அவர் ஒரே ஒரு வரி எழுதி வைத்தார்: பெயரில் இடைவெளி இல்லையென்றால் மஞ்சள்.

"இனிமே எடையெல்லாம் பாக்க வேணாம். நிறத்தப் பாத்துப் பேர் போடு" என்று ஜூட்சன் உத்தரவிட்டார்.

கீழ்ப் பிரிவில் அம்மாக்கண்ணுவை முந்திக் கூடை நிரப்ப ஆள் கிடையாது. அவர் மஞ்சள். வெயிலடித்தாலும் மழை பெய்தாலும் கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலேயே ஒதுங்கிக் கிடக்கும் செபமாலை ஜோர்ஜ் பச்சை.

"ஐயா, அம்மாக்கண்ணு அக்கா கொழுந்து எடைக்கு மேலயே இருக்குங்க" என்றார் ஜொய்சி.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது புள்ள."

"சொல்லாதுங்க ஐயா. சொல்லிக் குடுத்ததத்தான் சொல்லும்."

"கொழும்பு செஞ்சதத் தொடாத."

உழைத்தவருடைய எடை கோப்புக்குள்ளேயே இருக்கிறது. அதைத் திறந்து பார்க்காமல் உறையின் நிறத்தை நம்பினார்கள், படித்தவர்கள். இரட்டைப் பெயர் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். ஆகவே லயத்தில் ஒரு புதுக் கதை கிளம்பியது: வேதத்தில் சேர்ந்தால் முழுப் பேர். கோயில் கமிட்டி அழகன், ஊர் பார்க்காத நேரமாகச் சர்ச் சுவாமியாரிடம் போனார்.

"சாமி, பேரு மட்டும் குடுங்க போதும். கும்புடுறத நான் நம்ம கோயில்லயே பாத்துக்கிறேன்."

அம்மாக்கண்ணு யாரிடமும் போகவில்லை. சம்பளம் வாங்கிய கையோடு நேராக அலுவலக ஜன்னலுக்கு வந்தார்.

"ஜொய்சி, ஒரு அரைப் பேரா ரெண்டு அரைப் பேரா? மாசம் பூரா அரையாம். நான் கூடைய அரையா சுமந்தேன்?"

ஜொய்சி திரையைத் திருப்பிக் காட்டினார். வரியைத் தொடத்தான் தடை. கோப்பின் பெயரை மாற்றத் தடையில்லை. அம்மாவுக்கும் கண்ணுவுக்கும் நடுவில் ஒரு தட்டுத் தட்டினார். மஞ்சள் பச்சையாயிற்று.

"பாத்தீங்களாக்கா? நடுவுல ஒரு எடம் விட்டா முழுப் பேரு."

"பேர ஒடைச்சாத்தான் முழுப் பேரா?"

"இப்போதைக்கு அப்படித்தாங்க்கா."

"ஒண்ணும் வேணாம், ஒட்ட வை. எங்கப்பா வெச்ச பேரு முழுசாத்தான் இருக்கு. ஒம் பொட்டிக்குத்தான் அரைக் கண்ணு. அதத் திருத்து."

ஜொய்சி அந்த இடைவெளியை எடுத்தார். கையோடு கையாக, அதே சாளரத்தில் இருந்த அலுவலகத்தார் வரவுக் கோப்புகளுக்குப் போய், ஜூட்சன் மைக்கல் என்ற பெயரில் இருந்த இடைவெளியையும் எடுத்தார்.

மறுநாள் காலை பெரிய கிளாக்கர் திரை முன்னால் அப்படியே நின்றார்.

"யாரு புள்ள என்னைய மஞ்சளாக்குனது?"

"கம்ப்யூட்டருங்க ஐயா."

"ஒரு நாள் லீவு எடுக்காதவன் நான்."

"நிறத்தத்தான் பாக்கணும்னு சொல்லியிருக்கீங்க. இன்னைக்கி அரைப் பேருங்க ஐயா."

வேலைக்குப் போகும் வழியில் ஜன்னலோரம் நின்றிருந்த அம்மாக்கண்ணு எட்டிப் பார்த்தார். "ஆளு என்னமோ முழுசாத்தான் தெரியுறாரு. உள்ளுக்குள்ள என்ன கொறையோ, பாவம்."

"துரை வர்றதுக்குள்ள திருத்தித் தொல" என்றார் ஜூட்சன், மேனேஜர் அறைப் பக்கம் பார்த்தபடி.

"எதங்க ஐயா? ஒங்க பேரயா, வரியயா?"

ஜன்னலுக்கு வெளியே ஒற்றைப் பெயர்க்காரர்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். ஜூட்சன் அவர்களைப் பார்த்தார். "வரிய."

ஜொய்சி அந்த ஒரு வரியை மாற்றினார்: பெயரைப் பார்க்காதே, தொழிலாளி கோப்பைத் திறந்து எடையைப் பார். அம்மாக்கண்ணு பச்சையானார். ஜோர்ஜ் மஞ்சளானார். எடையே இல்லாத ஜூட்சனுக்கு நிறமே இல்லாமல் போயிற்று. அதில் அவருக்கு நிம்மதி.

அந்த நிம்மதி, ஜொய்சி போன மாதக் கோப்புகளைத் திறக்கும் வரைதான். நிறம் கோப்பில் பூசிய சாயமல்ல. திறக்கும்போதெல்லாம் நிரல் புதிதாகப் போட்டுக் கொடுப்பது. வரி மாறினால் பழைய நாட்களும் மாறும். போன மாதம் முழுக்க அம்மாக்கண்ணு கொழுந்து மாதிரிப் பச்சையாக நின்றார்.

"இது போன மாசமாச்சே. சம்பளம் குடுத்து முடிஞ்சிருச்சே புள்ள."

"நிறத்தப் பாத்துத்தானே பேர் போடணும், ஐயா?"

அம்மாக்கண்ணு கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். வெட்டிய அரைப் பேர்களைத் திருப்பிக் கொடுக்கத் துரை கையெழுத்துப் போட்ட பிறகுதான் எழுந்தார்.

எல்லா அலுவலகத்திலும் ஜொய்சி இருக்கமாட்டார். ஆகவே, வாசகரே, அடுத்த சம்பள நாளில் ஜன்னலுக்குப் போங்கள். உங்கள் பெயர் என்ன நிறம் என்று கேளுங்கள். கம்ப்யூட்டர்தான் சொல்கிறது என்பார்கள். அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேளுங்கள். அந்த வரியை உங்கள் காதுபட வாசித்துக் காட்டும்வரை அங்கேயே உட்காருங்கள்.