மஞ்சி மேல் இரண்டு பாதம்

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல் போகும் சாலையில், இடதுபக்கம் பிரியும் மண்தடத்தின் கடைசியில் இருக்கிறது கமலவேணியின் கறிக்கோழிப் பண்ணை. இருநூறு அடி நீளக் கொட்டகை, நான்காயிரம் குஞ்சு. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் அவருடையது. நான் அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர். இருபத்தேழு பண்ணைகளுக்கு பைக்கில் போய், குறை கண்டுபிடித்து, பண்ணைக் கார்டில் எழுதிவிட்டு வருவது என் வேலை. குறை கண்டுபிடிப்பதில் மட்டும் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

கமலாக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. கணவர் நாச்சிமுத்து லாரியில் வடக்கே போனால் திரும்ப இருபது நாள் ஆகும். மகள் விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். குஞ்சு இறங்கியதிலிருந்து கோழி ஏற்றுகிற வரைக்கும் நாற்பது நாள், கமலாக்கா அந்த வேலியைத் தாண்ட முடியாது. கரண்ட் போனால் ஐந்து நிமிடத்தில் ஜெனரேட்டர் ஓட வேண்டும். இல்லையென்றால் சின்னக் குஞ்சு குளிரில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டிச் சாகும், பெரிய கோழி வெக்கையில் சாகும். கடைக்குப் போனாலும் அவர் காது கொட்டகையில்தான் இருக்கும். இப்படி எட்டு வருடம். தங்கச்சி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போகவில்லை. அது பரவாயில்லை என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அம்மா இறந்தது குஞ்சு இறங்கிய மூன்றாம் நாள். பக்கத்துக் காட்டுக்காரரைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போய், முகத்தைப் பார்த்துவிட்டு, எடுப்பதற்கு முன்பே திரும்பிவிட்டார். அங்கே இருந்தபோது அவருக்கு இரண்டு முறை போன் அடித்து, "எப்பக்கா வருவீங்க?" என்று கேட்டவன் நான்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

போன மாசி மாதம், ஒரு பேட்ச் நடுவில், அவர் போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறார். எந்த நாட்டுப் பிள்ளையோ, காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனிமலையில் சறுக்கி வந்து, அந்தரத்தில் முன்பக்கமாக ஒரு பல்டி அடித்து, நேராக இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. அதைத் தேடியதில் அடுத்தது வந்தது, பலகையும் பனியும் இல்லாமல், வெறும் தரையில் ஓடிவந்து கையை ஊன்றாமல் பல்டி அடித்து இரண்டு காலில் நிற்பது. அந்த பேட்ச் முடிகிற வரைக்கும் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். இது நமக்கு வருமா என்ற எண்ணம் எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. வந்த எண்ணம் போகவில்லை, அவ்வளவுதான். அடுத்த குஞ்சு இறங்குவதற்குள் ஒரே ஒரு முறை அப்படி நின்றுவிட வேண்டும் என்று முடிவுசெய்திருக்கிறார்.

ஒரு பேட்ச் போய் அடுத்தது வருவதற்குள் பதினைந்து நாள் கிடைக்கும். பழைய எருவை அள்ளி, கழுவி, சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டால் கடைசி ஒரு வாரத்துக்குப் புது மஞ்சி வரும். தேங்காய் மட்டைத் தூளைத்தான் மஞ்சி என்போம். முதலில் அது குவியல் குவியலாகக் கிடக்கும். அந்தக் குவியல்களில்தான் கமலாக்கா ஆரம்பித்தார். நாச்சிமுத்துவின் பழைய டிராக் பேண்டைப் போட்டுக்கொண்டு, ஓடிவந்து, எகிறி, முதுகு அடிபட விழுந்தார். முதல் நாள் பத்து முறை விழுந்ததில் மூக்கு, வாய், தலைமுடி எல்லாம் மஞ்சி. இரண்டாம் நாள் முழங்காலை நெஞ்சோடு இழுக்கக் கற்றார். மூன்றாம் நாள் உட்கார்ந்தபடி இறங்கினார். அதற்குள் மஞ்சியைப் பரப்ப வேண்டிய நாள் வந்துவிட்டது. பரப்பிய மஞ்சி நான்கு விரற்கடை உயரம்தான். அதிலும் விடவில்லை. இடுப்பில் விழுந்தார், விலாவில் விழுந்தார். கால் முதலில் தரையைத் தொட்டு, ஒரு கணம் நின்று, அப்புறம் விழுகிற அளவுக்கு வந்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் நான் போய்ச் சேர்ந்தேன்.

கொட்டகைத் தரையைப் படிப்பதில் எனக்கு ஒரு கர்வம். எலியா, கீரியா, பாம்பா என்று தடத்தை வைத்தே சொல்லிவிடுவேன். நடுக் கொட்டகையில் நீளவாக்கில் நாலைந்து குழிகள். பார்த்த உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, நாய் வந்து படுத்திருக்கு. பாருங்க, சுருண்டு படுத்த குழி."

கமலாக்கா குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படிங்களா சார்," என்றார்.

அது நாய் அல்ல, கமலாக்காவின் இடுப்பு. எனக்கு எங்கே தெரியும்? கார்டை எடுத்து, 'கொட்டகைக்குள் நாய் நுழைந்துள்ளது, வலை சரியில்லை' என்று எழுதினேன். நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டேன். அவர் நாக்பூரிலிருந்து ஸ்பீக்கரில் பொண்டாட்டியைச் சத்தம் போட்டார். "ஊட்லயே இருந்துக்கிட்டு ஒரு நாயத் தொரத்த முடியலியா உனக்கு?" கமலாக்கா அதைக் கேட்டபடியே குனிந்து வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நல்ல வலை அது, எங்கேயும் கிழியவில்லை.

அதோடு விட்டேனா? மஞ்சியைச் சமமாக வாரச் சொல்லி, மருந்தடித்து, படுதாவை இறக்கி, கதவைப் பூட்டி, சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். "குஞ்சு வர்ற அன்னைக்கு நானே வந்து திறக்கிறேன்."

"மூணு நாளுங்களா சார்?" என்று கேட்டார் கமலாக்கா.

"மூணு நாள்தான்கா. உங்களுக்கும் ஓய்வு."

அந்த மூன்று நாளும் அவர் எப்படி இருந்தார் என்பதைப் பின்னால் சொன்னார். வெளியே இருக்கிற களம் கல்லுத் தரை, அதில் விழுந்தால் எலும்பு மிஞ்சாது. கழுத்துப் போனால் குஞ்சை யார் பார்ப்பது என்பதுதான் அப்போதும் அவர் யோசனை. சமையல் செய்துகொண்டே முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துப் பார்த்திருக்கிறார். நூறு தடவை கொட்டகைப் பூட்டைப் போய்ப் பார்த்திருக்கிறார்.

குஞ்சு வருகிற அன்று காலை ஆறு மணிக்குப் போய்ச் சாவியைக் கொடுத்தேன். குஞ்சு இறங்கும் முன்பே சூட்டு விளக்குகளைப் போட்டுக் கொட்டகை சூடாக வேண்டும். "புரூடரைப் போட்டு விடுங்கக்கா. குஞ்சு வண்டிக்கு டிரைவர் புதுசு, ரோட்டுல போய்க் கூட்டிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வண்டியோடு திரும்ப அரை மணி நேரம் ஆனது.

உள்ளே போனதும் தடத்தைத்தான் பார்த்தேன். வாரிவிட்ட மஞ்சியில் வெறுங்கால் தடம், ஒன்பது காலடி, நல்ல இடைவெளி விட்டு. அப்புறம் ஐந்தடிக்கு ஒன்றுமே இல்லை. அதற்கப்பால் இரண்டு பாதம், பக்கத்தில் பக்கத்தில், குதிகால் ஆழமாக. சுற்றிலும் கை ஊன்றிய அடையாளம் கிடையாது, விழுந்த அடையாளம் கிடையாது. என் சர்வீசில் இப்படி ஒரு தடத்தை நான் பார்த்ததில்லை.

"யாருக்கா உள்ள வந்தது?"

"நாந்தானுங்க சார்." புரூடர் வெளிச்சத்தில் அவர் முகமெல்லாம் வேர்வை. "மருந்துத் தண்ணியில கால நனச்சுப்போட்டுத்தான் வந்தனுங்க," என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். வீடியோ, குவியல், டிராக் பேண்ட், பூட்டு. நான் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் குழிகளை நினைத்ததும் வெட்கம் பிடுங்கியது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

"என்னன்னுங்க சொல்றது? பல்டி அடிக்கறேன்னா சிரிக்க மாட்டீங்களா?"

சிரித்துத்தான் இருப்பேன்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

கமலாக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மேல போனப்ப, கரண்ட் இருக்குதா போச்சான்னு நெனப்பே வரலீங்க சார். எட்டு வருசத்துல அந்த ஒரு நிமிசந்தானுங்க."

ஒரு நிமிடம் எங்கே, ஒரு விநாடிகூட இருக்காது. நான் அதைச் சொல்லவில்லை.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தான். பெட்டிகளில் நான்காயிரம் குஞ்சு கத்திக்கொண்டிருந்தது. மஞ்சியில் குழி இருந்தால் குஞ்சு அதில் போய் அடைந்து நசுங்கும், தரை சமமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பண்ணையிலும் தொண்டை வற்ற நான் சொல்கிற பாடம் இது. அன்றைக்கு வாயில் வரவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை, கமலாக்கா ஏற்கனவே மஞ்சி பரப்பும் வாரியைக் கையில் எடுத்திருந்தார்.

"சார், அந்தக் கார்டுல நாய்னு எழுதுனீங்களே, அத மட்டும் அடிச்சுப்போடுங்க சாமி. என்ற கொட்டாய்க்குள்ள ஒரு நாளும் நாய் வந்ததில்லீங்க."

'நாய்' என்ற சொல்லை அடித்தேன். அடித்த இடத்துக்கு மேலே 'கமலவேணி' என்று எழுதிக் காட்டினேன். மேனேஜர் கேட்டால் கேட்கட்டும். அவர் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இருங்கக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்," என்று நான் போனைத் தேடுவதற்குள் இடது பாதத்தின்மேல் வாரி போய்விட்டது. அடுத்து வலது பாதம். பிறகு அந்த ஒன்பது காலடியையும் பின்னோக்கி நடந்தபடியே வாரிச் சமமாக்கினார்.

"குஞ்சு கத்துதுங்க சார், எறக்கச் சொல்லுங்க," என்றார்.

நான் டிரைவருக்குக் கை காட்டினேன்.