அமெரிக்கா நண்டு தின்னாத வருடம்

பெரியபட்டினத்துக் கரையில் நண்டு எடை போடுவதும் அன்றைய விலையைச் சொல்வதும் என் வேலை. எடை போடுவதில் சிரமமில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறப்பதுதான் எனக்குக் கஷ்டம். வாங்கும் நண்டைக் கொட்டகையில் அவித்துப் பெண்கள் சதை எடுப்பார்கள். அது தூத்துக்குடியில் டப்பாவில் அடைபட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறும். விலையைத் தினமும் காலையில் முதலாளி போனில் சொல்வார்.

அமெரிக்காவில் பேங்குகள் விழுந்த வருடம், ஒருநாள் விலை பாதியாக வந்தது. கரையில் போய்த் தலை நிமிராமல் சொன்னேன்.

"சத்தமாச் சொல்லுலே, கடலுக்கும் கேக்கட்டும்" என்றான் என் சிநேகிதன். சவூதியில் பல வருடம் டிரைவராக இருந்தவன். இனி பிள்ளைகளோடு இருப்பது என்று திரும்பி வந்து, கொண்டுவந்த பணத்தில் வள்ளமும் எஞ்சினும் வாங்கியிருந்தான்.

"அங்கன சனங்க ஹோட்டலுக்கே போகலையாம் மச்சான். டப்பா தேங்கிக் கெடக்காம்."

"அங்கன எவனோ திங்கலைன்னா இங்கன நான் பட்டினி கெடக்கணுமா? நல்லாருக்குலே ஒங்க நியாயம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த விலைக்கு அவன் நண்டைத் தரவில்லை. என் ஊர் திருப்புல்லாணிப் பக்கம், மிளகாய் விவசாயம். விலை இறங்கினால் எங்கள் வீட்டில் மூட்டையை அடுக்கி வைத்துவிடுவோம். அவன் அதைப் பார்த்திருக்கிறான்.

"ஒங்க அய்யா மொளகாய வச்சு விக்கிறாருல்ல. நானும் வைக்கிறேன்."

அந்த வாரம் பிடித்த நண்டுகளின் கால்களை நூலால் கட்டி, வலைப்பைகளில் போட்டு, இடுப்பளவு தண்ணீரில் கம்பு நட்டு உயிரோடு தொங்கவிட்டான். அவனைப் பார்த்து வேறு சிலரும் கம்பு நட்டார்கள். காலையில் விலை கேட்பான். சொல்வேன். ஏறவில்லை.

மிளகாய் மூட்டைக்குள் சும்மா கிடக்கும். நண்டுக்கு இரை வேண்டும். அவன் பைகளைத் தூக்கி வந்தபோது பாதி செத்திருந்தது. மீதியை அவித்தோம். நண்டின் ஓட்டை உடைத்த பெண், "உள்ள வெறும் தண்ணிதான்ணே இருக்கு" என்று ஒதுக்கிப் போட்டாள். அவன் பார்த்துக்கொண்டு நின்றான். நான் தராசைக் கழுவினேன். அது ஏற்கெனவே கழுவியதுதான்.

அதற்குமேல் டீசலுக்கு அவனிடம் ஒன்றுமில்லை. எஞ்சினை விற்றான், பிறகு வள்ளத்தை. சவூதியில் பழைய முதலாளியிடம் பேசி விசா வாங்கிக்கொண்டான்.

கிளம்புகிற அன்று கொட்டகைக்கு வந்தான். "வாரேன் மாப்ள. அல்லாட்ட நான் கேட்டுட்டேன். ஒங்க பெருமாள்ட்ட நீ ஒரு வார்த்தை சொல்லு."

"சொல்றேன்" என்றேன்.

"இன்னைக்கு என்ன வெல?"

சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தான்.

அதன்பிறகு கரையில் விலை சொல்ல எனக்குக் கூச்சமாக இல்லை. கேட்க வருகிறவர்கள் குறைந்துபோயிருந்தார்கள். வந்தவர்களும் சொன்ன விலைக்கே நண்டைத் தராசில் வைத்தார்கள்.