ஒரு தவணைக்கு மட்டும்

ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில், எழுத்துகளைத் தொடங்குவதற்கு முன், ஒரு கிரேக்க ஆசிரியரின் கதையைச் சொல்வேன். ஐந்நூறு, அறுநூறு வருடங்களுக்கு முன் கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து, அதாவது இன்றைய இஸ்தான்புல்லிலிருந்து, இத்தாலிக்குப் படிப்பிக்கப் போனவர். உண்மையில் அவர் ஒருவரல்ல. அப்படிப் போன பலருடைய வாழ்க்கையை ஒன்றாகச் சேர்த்து என் ஆசிரியர் எனக்குச் சொன்ன கதை அது.

அந்த இத்தாலிய நகரத்தில் காசுக்காரர்களுக்கெல்லாம் பழைய கிரேக்க நூல்கள் மேல் திடீரென்று ஆசை வந்துவிட்டது. வாங்கி அடுக்கிவிட்டார்கள், வாசிக்கத்தான் ஒருவருக்கும் தெரியாது. ஒரு வருடத்துக்கென்று அவரைக் கூப்பிட்டார்கள். வருடம் முடிந்ததும் இன்னும் ஒரு வருடம் என்றார்கள். அவர் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லும்போதெல்லாம் பாடத்தைப் பாதியில் விட்டால் கெட்டுப்போகும் மாணவர்கள் சிலர் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். இவர்களை முடித்துவிட்டுப் போகலாமென்று இருந்தார். அதற்குள் துருக்கியர் அவருடைய ஊரைப் பிடித்தார்கள். பிறகு அவர் போவது பற்றிய பேச்சே எழவில்லை.

இந்த இடத்தில் வகுப்பு உச்சுக் கொட்டும். எனக்கோ எரிச்சல் வரும். அவருக்காவது ஊர் கைவிட்டுப் போய்விட்டது. எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. என் கணவரும் மகளும் இருக்கும் திருகோணமலைக்கு நான் இருக்கும் கண்டியிலிருந்து தினமும் பஸ் ஓடுகிறது.

நான் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கத்தை எடுத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. அந்தப் பாடத்துக்குப் போட்டி இல்லை, அவ்வளவுதான். "அத வச்சு என்னடி பண்ணப்போற?" என்று அம்மா கேட்டாள். படித்து முடித்த கையோடு கண்டிக்கு மேலே ஹந்தானை மலைச் சரிவில், போதகர்களாகப் போகிறவர்கள் படிக்கும் ஒரு சிறிய கல்லூரியில் வேலை கிடைத்தபோது அம்மாவின் வாய் அடைத்துப்போனது. புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டதால் அங்கே எல்லோரும் இரண்டு வருடம் கிரேக்கம் படித்தாக வேண்டும். பொட்டு வைத்துக்கொண்டு நான் யோவானின் நற்செய்தியைப் படிப்பிப்பது அங்கே யாருக்கும் வினோதமாகப் படவில்லை. எனக்குத்தான் சில நாள் சிரிப்பு வரும்.

முதலில் நான் உதவியாளராகத்தான் போனேன். என் பழைய ஆசிரியர்தான் அங்கே கிரேக்கம் படிப்பித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டை விட்டு வந்து காலம் கடந்துவிட்டதென்று புலம்பிக்கொண்டே இருப்பார். ஒருநாள் கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இந்த ஒரு தவணைக்கு மட்டும் பாரும் பிள்ளை. பிறகு ஆரும் வருவினம்," என்றார். மூன்று நான்கு மாதம்தானே என்று நான் உடனே "சரி சேர்" என்றேன். இரண்டு சூட்கேசுகளோடு ரயிலேறினார். அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. தீபாவளிக்குத் தொலைபேசியில் பேசும்போது, "இன்னும் அங்கதானோ?" என்று ஆச்சரியப்படுவார். அந்த ஆச்சரியத்தைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கலியாணம் முடித்ததும், பிள்ளை பெற்றதும், கணவருக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும் எல்லாம் இந்த "ஒரு தவணை"க்குள்தான். மகள் பால்குடி மறந்ததும் அவரோடு போய்விட்டாள், மாமி பார்த்துக்கொள்கிறார். நான் மாதமொருமுறை போய் வருகிறேன். விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பாடம் இரண்டு வருடம். ஒவ்வொரு வருடமும் புதிதாக ஒரு கூட்டம் சேரும். அதனால் எந்த மாதத்தில் கணக்குப் பார்த்தாலும் நடு வழியில் நிற்கிற ஒரு வகுப்பு இருக்கும். நான் போனால் அவர்கள் படிப்பை முடிக்க முடியாது. கல்லூரி அதிபர் நல்ல மனிதர், யாரையும் கட்டிப்போடுகிறவர் இல்லை. "ஆள் ஒருவரைக் காட்டுங்கள், அடுத்த நாளே போங்கள்" என்பார். இலங்கையில் தமிழில் கிரேக்கம் படிப்பிக்கக்கூடிய ஆளை நான் எங்கே போய்த் தேடுவது?

ஆள் தானாகவே வந்து சேர்ந்தார். கண்டி நகரத்தில் தகப்பன் காலத்திலிருந்து யூனானி வைத்தியசாலை வைத்திருக்கும் முஸ்லிம் டொக்டர் ஒருவர். தாங்கள் செய்யும் வைத்தியத்தின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறதாம், அதை ஒருமுறையாவது மூலத்தில் வாசிக்க வேண்டுமாம். வெளியாட்களும் வகுப்பில் இருக்கலாமென்பதால் சனிக்கிழமைகளில் கடைசி வாங்கில் வந்து உட்காருவார். முதல் நாள் கொன்ஸ்தாந்திநோபிள் கதையைக் கேட்டுவிட்டு, "அந்தத் துருக்கிக்காரங்களும் எங்கட ஆக்கள்தான் மிஸ், கோவிச்சிக்காதீங்க," என்றார். வகுப்பே சிரித்தது.

இரண்டாவது வருடம் முடிவதற்குள் அவர் மற்ற எல்லோரையும் தாண்டிவிட்டார். ஒருநாள் பழைய மருத்துவ நூலொன்றில் பார்லிக் கஞ்சி பற்றிய வரியைத் தட்டுத் தடுமாறி வாசித்து முடித்ததும் மேசையில் தட்டிச் சிரித்தார். "நான் காய்ச்சல்காரங்களுக்குச் சொல்றதும் இதுதானே மிஸ்!" அந்தச் சிரிப்பை நான் ரசித்துக்கொண்டிருந்தபோதே மனதுக்குள் இன்னொரு கணக்கு ஓடியது. இவர் பிறந்தது கண்டி, தொழில் கண்டி. எங்கேயும் போகமாட்டார். அன்றிரவு சந்தோஷத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் தேநீருக்கு இருக்கச் சொன்னேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு அப்பால் மலை தெரியவில்லை.

"டொக்டர், என்ட வகுப்புகள நீங்க எடுக்கலாமே?"

அவர் கோப்பையை வைத்தார். "நானா? ஏலுமா மிஸ்?"

"நான் தொடங்கினப்போ உங்க அளவுக்குக்கூட தெரியாது."

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டுவிட்டு அவரே தொடர்ந்தார். "ஒரு தவணைக்கு மட்டும்னா பாக்கலாம். அதுவரைக்கும் தம்பி வைத்தியசாலையில நிப்பான். நீங்க புள்ளையோட கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்க."

நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார். நான் தலையை ஆட்டினால் போதும். அடுத்த வாரமே பஸ்ஸில் இருப்பேன். மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அவர் தன் பாட்டுக்குக் கோப்பையை எடுத்து ஊதி ஊதிக் குடித்தார். ஆசைக்கு மலையேறி வருகிற மனிதர். அவருக்கு எதிரிலும் நடு வழியில் நிற்கிற ஒரு வகுப்பு வந்து உட்காரும். பார்லிக் கஞ்சியைப் படித்து மேசையில் தட்ட அவருக்கு நேரம் இருக்காது. என் ஆசிரியர் கதிரையை இழுத்துப் போட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"ஒரு தவணை இல்ல டொக்டர்," என்றேன். "நான் போனா திரும்பி வரமாட்டேன். உங்களுக்குப் பிறகும் யாரும் வரமாட்டாங்க."

அவர் கோப்பையை மறுபடியும் வைத்தார். "அப்ப ஏலாது மிஸ்," என்றார். "கோவிச்சிக்காதீங்க."

"இல்ல டொக்டர். பரவால்ல."

கோபம் வந்தது. அவர்மேல் வந்தது, என் வாய்மேல் வந்தது, ஐந்நூறு வருடத்துக்கு முன் செத்துப்போன ஒரு மனிதர்மேலும் வந்தது. அவர் குடையை விரித்து இறங்கிப் போவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். வளைவில் திரும்பியதும் மறைந்துவிட்டார். இரண்டு கோப்பைகளையும் கழுவி வைத்தேன்.

அறைக்கு வந்ததும் மகள் வீடியோவில் வந்தாள். முன்பல் விழுந்த இடத்தைத் திரைக்கு நெருக்கமாகக் காட்டினாள். பிறகு கேட்டாள்: "அம்மா, எப்ப ஒரேயடியா வருவீங்க?"

"இன்னும் ஒரு தவணைக்கு மட்டும்தான் கண்ணு. பிறகு யாராவது வருவாங்க."

"சரிம்மா," என்றாள் உடனே.