காகிதக் கிரீடம்

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஜனவரிக் குளிர். நான் ஒதுங்கிய மளிகைக்கடையில், குழந்தை யேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களின் திருநாளுக்காகக் கேக் வெட்டுகிறார்கள். கடைக்காரர் யாழ்ப்பாணத்துச் சைவர். மனைவி புதுச்சேரிக் கத்தோலிக்கர்.

"மனுசி விடியத் தொடக்கம் என்னோட கதைக்கேல்லை" என்று கடைக்காரர் கிசுகிசுத்தபடி எனக்கும் ஒரு துண்டு தருகிறார். "பார்த்துக் கடியுங்கோ அண்ணை. உள்ளுக்கு ஒரு குட்டிப் பொம்மை இருக்கு. அது ஆருக்குக் கிடைக்குதோ, அவர்தான் இண்டைக்கு ராசா."

"இது சர்ச் வழக்கமா?"

"யேசு பிறக்க முந்தியே ரோமர் பொம்மைக்குப் பதிலா அவரைக்கொட்டை வச்சு ராசாவைத் தெரிவு செய்தவையாம். பிறகு சர்ச் அதை ஏற்றுக்கொண்டிட்டுது."

"எங்க அப்பா உங்கள ஏத்துக்கிட்ட மாதிரி" என்கிறார் மனைவி, திரும்பாமலே.

கடையே சிரிக்கிறது. கடைக்காரரின் பல்லில் பொம்மை தட்டுப்படுகிறது. கேக்கோடு வந்த தங்கநிறக் காகிதக் கிரீடத்தை எடுத்து மனைவியின் தலையில் வைக்கிறார். அவரும் அதைக் கழற்றாமலே அடுத்தவருக்கு வெண்டைக்காய் நிறுக்கிறார்.