தூங்குகிற கிழங்குக்குத் தண்ணீர் ஊற்றினேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு டிசம்பர் மாதம், பெங்களூரு நீலசந்திராவில் நான் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆரம்பித்த விஷயம் இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் அதிகம். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் இருபது வருடமாக லைன் சூப்பர்வைசர். நாற்பது மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வாய் அப்படியே ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தாலும் அதே வாய்தான்.

நான் இருப்பது மேல் மாடி. கீழ் வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். சின்னப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. மொட்டை மாடியில் பதினான்கு தொட்டி வைத்திருந்தாள். எல்லாமே ஒரே செடி, கலேடியம். அதில் பூவை யாரும் பார்ப்பதில்லை. இலைதான் அழகு. சேப்பங்கிழங்கு இலை மாதிரி இருக்கும், ஆனால் சிவப்பும் வெள்ளையும் ரோஸும் யாரோ பெயிண்ட் தெளித்த மாதிரி.

அந்தத் தொட்டிகளால் எங்களுக்குள் சண்டை. அவள் தண்ணீர் ஊற்றினால் மண்ணோடு ஒழுகி, என் பால்கனிக் கொடியில் காயும் துணிமேல் சொட்டும். ஒரு நாள் புது பெட்ஷீட் முழுக்கச் செம்மண் கறை. மாடிக்கு ஏறிப் போய், “இன்னொரு சொட்டு விழுந்துச்சு, தொட்டியெல்லாம் தூக்கி ரோட்ல வீசிடுவேன்” என்று கத்திவிட்டேன். அவள் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். பேசாததால் எனக்குள் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த வருடம் நவம்பரில் அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. அவளுடைய அண்ணன் வீடு வேலூரில். அங்கேயே ஆபரேஷன், பிறகு ரேடியேஷன், மூன்று நான்கு மாதம் ஆகும் என்றார்கள். டிசம்பரில், கிளம்புவதற்கு முதல் நாள் என் கதவைத் தட்டினாள்.

“அக்கா, நான் ஊருக்குப் போறேன். தொட்டிக்கு மட்டும் தண்ணி ஊத்தாதீங்க.”

“ஊத்தாம?”

“வேண்டாம்கா. அது இப்போ தூங்குது. சும்மா விட்டுடுங்க.”

அந்த நேரத்தில் செடி என்று எதுவுமே இல்லை. இலையெல்லாம் மஞ்சளாகி விழுந்து, பதினான்கு தொட்டியிலும் வெறும் மண்தான். செடி தூங்குமா? இவள் பெட்ஷீட் சண்டையை மனதில் வைத்துக்கொண்டு, ‘உன் தண்ணீரே எனக்கு வேண்டாம்’ என்பதைத்தான் இப்படி நாசூக்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய ஆபரேஷனுக்குப் போகிறவள், என்மேல் வருத்தத்தோடு போகிறாளே என்று இருந்தது. சரி, நீ வேண்டாம் என்றால் நான் விட்டுவிடுவேனா, திரும்பி வரும்போது எல்லாம் பச்சையாக நிற்கும், பார் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலையிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு மக் தண்ணீர். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். அதனால் அரிசி கழுவிய தண்ணீர், பருப்பு கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் பக்கெட்டில் சேர்த்து மேலே தூக்கிப் போனேன். என் துணியைத் துவைக்காமல் போட்டுவிட்டு அவள் மண்ணுக்கு ஊற்றிய நாளும் உண்டு. மூன்று தொட்டிகள் மட்டும் தண்ணீர் டேங்க்குக்கு அடியில் இருந்தன. அங்கே குனிந்து நுழைய வேண்டும். எனக்கு முட்டி வலி. நாளைக்கு, நாளைக்கு என்று அதை விட்டுவிட்டேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் மாடியில் கெட்ட நாற்றம். எலி ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று தேடினேன். நாற்றம் தொட்டியிலிருந்து வந்தது. கரண்டியால் தோண்டினேன். கரண்டியில் வந்தது அழுகின உருளைக்கிழங்கு மாதிரி ஒரு கூழ். அடுத்த தொட்டியிலும் அதே. அதற்கு அடுத்ததிலும். பதினோரு தொட்டி.

அந்தக் கூழில் கொஞ்சம் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, ரோட்டோரம் செடி விற்கிறவனிடம் போனேன். கன்னடக்காரன், நம்முடைய பாஷையும் கலந்து பேசுவான். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“நீரு ஊத்தினீங்களா?”

“தினமும் ரெண்டு மக்.”

“அய்யோ அம்மா! மலகிருக்கற கிழங்குக்கு யாராவது நீரு ஹாக்குவாங்களா? தூங்கறவங்க வாயில தண்ணி ஊத்தினா என்ன ஆகும்? மார்ச் வரைக்கும் சும்னே விடணும்.”

‘மலகிருக்கற’ என்றால் தூங்குகிற. இவனும் தூங்குகிறது என்கிறான். அப்படியானால் அவள் சொன்னது நிஜம். அவள் எந்தக் கோபத்திலும் சொல்லவில்லை. செடியைப் பற்றித்தான் சொன்னாள். கோபம் எல்லாம் என் மண்டையில் இருந்தது.

அடுத்து நான் செய்தது இன்னும் கேவலம். அவனிடமே பதினோரு கிழங்கு வாங்கினேன். என்ன கலர் என்று கேட்டதற்கு, “கிழங்கைப் பார்த்து சொல்ல முடியாதும்மா, இலை வந்தாத்தான் தெரியும்” என்றான். வீட்டுக்கு வந்து பழைய மண்ணைக் கொட்டி, காய்ந்த மண் போட்டு, கிழங்கை உள்ளே வைத்து மூடினேன். நோயோடு இருக்கிறவளுக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கம்பெனியில் ஒரு பட்டன் மாறியிருந்தால்கூட அதைத் தைத்த பெண்ணை அழவைத்துவிடுகிறவள் நான்.

மார்ச்சில் ஒரு சாயங்காலம் அவள் போன் செய்தாள்.

“அக்கா, போதும்கா. ரேடியேஷன் பாதி முடிஞ்சுடுச்சு. மிச்சத்த விட்டுட்டு வந்துடறேன்.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“அவரு முடிக்கணும்னுதான் சொல்வாரு. தோலெல்லாம் தீ வெச்ச மாதிரி எரியுது. அண்ணி வீட்ல எத்தன நாள்தான் படுத்திருக்கறது? மார்ச் வந்துடுச்சு, கிழங்கு எழுந்துக்கும். அதப் பார்க்காம ஒரு வருஷம்கூட இருந்ததில்ல. மாடிப்படிகிட்ட மொதல் தொட்டில வெள்ளை, பச்சை நரம்பு. அதுதான் எப்பவும் முதல்ல வரும். அடுத்தது ரோஸ், ஓரத்துல மட்டும் பச்சை. அதுக்கு அடுத்தது…”

பதினான்கையும் வரிசையாகச் சொன்னாள். முளைப்பதைப் பார்ப்பதற்காக வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட்டு வரப் போகிறாள். நான் சாகடித்த கிழங்கைப் பார்க்க.

“வந்து எதைப் பார்க்கப் போற?” என்றேன். “எல்லாத்தையும் நான் அழுக வெச்சுட்டேன்.”

தண்ணீர் ஊற்றியது, நாற்றம் வந்தது, புதுக் கிழங்கு வாங்கி ஏமாற்றப் பார்த்தது, எதையும் மறைக்காமல் சொன்னேன்.

“ஹலோ? இருக்கியா?”

“ஊத்த வேண்டாம்னு சொன்னேனேக்கா.”

“நீ கோவத்துல சொல்றேன்னு நெனச்சேன்.”

“எனக்கென்ன கோவம்?”

“பெட்ஷீட்.”

அந்தப் பக்கம் ஒரு மாதிரி சத்தம். அழுகிறாள் என்று நினைத்து நானும் அழ ஆரம்பித்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, சிரிக்க வைக்காதீங்கக்கா, ஆபரேஷன் பண்ண இடம் இழுக்குது. ஒரு பெட்ஷீட்டுக்குப் பதினோரு உசுரா?” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, “டேங்க்குக்கு அடியில இருக்கற மூணு?” என்று கேட்டாள்.

“அதுக்கு ஊத்தல. முட்டி வலி.”

“உங்க முட்டி நல்லா இருக்கட்டும். புதுசு என்ன கலரு?”

“யாருக்குத் தெரியும்? கடைக்காரனுக்கே தெரியாது.”

“அப்போ எனக்கும் தெரியாது…” என்று இழுத்தாள். அந்தக் குரலில் பார்க்க வேண்டும் என்கிற ஆவல் தட்டுப்பட்டது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

“இங்க பாரு. பாதில வந்தேன்னு வை, கீழ கேட்டையே திறக்க மாட்டேன். மொத்தமும் முடிச்சுட்டு வா. தினமும் காலைல நான் போன்ல காட்டறேன். வெறும் மண்ணா இருந்தாலும் காட்டறேன்.”

“நீங்க தண்ணி…”

“நீ சொன்னா ஊத்துவேன். ஒரு டம்ளர்னா ஒரு டம்ளர்.”

“பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு வீடியோ கால் போட்டேன். எடுத்தாள். கம்பெனி வேன் ஏழேகாலுக்கு வரும். அதற்குள் பதினான்கு தொட்டியையும் ஒவ்வொன்றாகக் காட்டுவேன். மண், மண், மண். “இன்னைக்கு அரை டம்ளர்”, “இன்னைக்கு வேண்டாம்”, “அந்தத் தொட்டிய வெயில்ல தள்ளுங்க” என்று சொல்வாள். என்ன சமைத்தேன் என்று கேட்பாள். சில நாள் தலையணையில் முகத்தை வைத்தபடி பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு நாள் நான்காவது தொட்டியில் இருக்கும்போது, “இன்னைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போகலக்கா” என்றாள். எனக்கு வாய் வரை வசவு வந்துவிட்டது. ஆனால் அவள் கண்ணைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டேன். போனை ஐந்தாவது தொட்டிக்கு நகர்த்தினேன். பிறகு ஆறாவது. மெதுவாகப் பதினான்காவது வரைக்கும் போனேன். எல்லாம் மண்தான். முடிந்ததும், “சரி, போய்ட்டு வரேன்” என்றாள். அன்றைக்கு வேனில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். தூக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

இன்னும் நான்கைந்து சிட்டிங்தான் பாக்கி என்று இருந்தபோது, டேங்க்குக்கு அடியில் இருந்த தொட்டியைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

“நிறுத்துங்கக்கா! போன கீழ இறக்குங்க. இன்னும் கீழ.”

“என்ன இருக்கு? ஒண்ணும் காணோம்.”

“கண்ணாடி எங்க? அந்த ஓரம், சின்னக் கல்லு பக்கத்துல. அக்கா, பார்த்தீங்களா?”

நான் டேங்க்குக்கு அடியில் வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்தேன். அப்போதுதான் தெரிந்தது. தீக்குச்சி நுனி அளவுக்கு ஒரு ரோஸ் நிற ஊசி. நுனியில் ஒரு மண் துணுக்கு ஒட்டியிருந்தது. தொட்டி நிறைய மண்ணை அந்த ஊசி எப்படித் துளைத்துக்கொண்டு வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அங்கே அவள் அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். இங்கே என்னை எழுப்பிவிட ஆள் இல்லை. “எழுந்திருக்க முடியலடி” என்றால் அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வேன் போய்விட்டது. முதல் முறையாக நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

அதன் பிறகு தினமும் ஒன்று. சுருட்டிய பீடி மாதிரி நிமிர்ந்து நிற்கும். மூன்றாம் நாள் லேசாகப் பிரியும். ஒரு பக்கம் மட்டும் திறந்து உள்ளே இருக்கிற நிறத்தைக் கொஞ்சமாகக் காட்டும். புதுக் கிழங்குகளுக்கு என்ன கலர் வரும் என்று நாங்கள் இரண்டு பேரும் தினமும் அடித்துக்கொள்வோம். கடைசியில் பதினொன்றில் ஒன்பது முளைத்தன. ஒன்பதில் ஏழு ஒரே மாதிரி, பச்சையில் சிவப்புப் புள்ளி.

“யூனிஃபார்ம் போட்டுட்டு பிரேயருக்கு நிக்கற மாதிரி இருக்கு” என்றாள்.

ரேடியேஷனை முழுசாக முடித்துவிட்டு ஈஸ்டருக்கு அடுத்த வாரம் வந்தாள். பாதி உடம்புதான் இருந்தது. கையைப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். ஒவ்வொரு படியாக அவளே ஏறினாள். என் வீட்டு வாசலில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினாள். மாடிக்குப் போய், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின்மேல் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்தேன்.

“போன்ல பார்த்தப்ப பெருசா இருந்துச்சு” என்றாள். பிறகு ஓர் இலையை ஒரே ஒரு விரலால் தொட்டாள்.

இப்போது நன்றாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை செக்கப். ரிசல்ட் வரும்வரை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பாள். ஒரு முறை குழம்பு எடுத்துப் போய்க் கதவைத் தட்டினேன். “ரெண்டு நாள் விட்டுடுங்கக்கா, நானே வரேன்” என்றாள். பழைய ஆளாக இருந்திருந்தால், என்ன திமிர் என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். அன்று குழம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு படி ஏறினேன். மூன்றாம் நாள் அவளே வந்தாள். ஒருத்தி வேண்டாம் என்று சொன்னால் அதற்கு வேண்டாம் என்பது மட்டும்தான் அர்த்தம், என்மேல் வருத்தம் என்று அர்த்தம் இல்லை. இதை நம்புவதற்கு எனக்கு ஐம்பத்து நான்கு வயதும், ஒன்றும் அறியாத பதினோரு கிழங்குகளும் தேவைப்பட்டன.