பாரிஸ்–சூரிச்: ஒன்றேகால் மணி நேரப் பறப்பும் நான் விட்டுவிட்டுப் போன பெட்டியும்

2006 மே மாதம், சூரிச்சில் இருக்கும் என் தங்கையின் முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம். ஞானத்தாய் நான். மொன்ட்ரியாலிலிருந்து பாரிஸ் போய், அண்ணன் வீட்டில் இரண்டு நாள் நின்று, சனி காலை சூரிச்சுக்குப் பறப்பதாகத் திட்டம். அண்ணனும் தங்கையும் கதைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்ததில் வந்த கோபம். எப்படியாவது அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று எனக்கு உள்ளூர ஆசை. இரண்டு நாளும் கேட்டுப் பார்த்தேன். “வேலை இருக்கு” என்பதோடு முடித்துவிட்டார்.

பாரிஸுக்கும் சூரிச்சுக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 480 கிலோமீற்றர். பறக்கும் நேரம் ஒரு மணி பதினைந்து நிமிடம், நேர வித்தியாசம் கிடையாது. அட, எங்கள் மொன்ட்ரியால்–ரொறன்ரோப் பயணம் மாதிரித்தானே என்று நினைத்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். ரொறன்ரோவுக்கென்றால் காரின் பின்கதவு மூடாத அளவுக்குச் சாமான் ஏற்றுகிற ஆட்கள் நாங்கள். நான் சுவிஸ் போவது தெரிந்ததுமே மொன்ட்ரியாலில் நாங்கள் இருக்கும் லாசால் பகுதிக் கோயில் ஆட்கள் ஆளுக்கொரு பார்சலோடு வந்துவிட்டார்கள். மிளகாய்த்தூள், மேப்பிள் பாகு, யாரோ ஒருவரின் மருமகளுக்குச் சேலைகள். முகத்துக்கு நேரே மறுக்க எனக்கு வாய் வராது. அத்திலாந்திக்கைத் தாண்ட 23 கிலோப்படி இரண்டு பெட்டி கொண்டுபோகலாம். பாரிஸ்–சூரிச் விமானத்திலோ மொத்தமே 20 கிலோ. 110 யூரோ ரிக்கற்றில் அது எழுதித்தான் இருந்தது. வாசிக்காதது நான்.

காலை 7.40 விமானம். அண்ணன்தான் காரில் விமான நிலையத்துக்குக் கூட்டிவந்தார். அண்ணன் வீட்டுக்கென்று கொண்டுவந்ததை அங்கேயே இறக்கியிருந்ததால் என் சொந்தப் பெட்டி 19 கிலோவோடு தப்பியது. நிறுத்தபின் ஏற்ற முடியாதென்று ஆன பார்சல் பெட்டியை அண்ணன் தள்ளுவண்டியில் திரும்ப ஏற்றினார்.

“இதை விட்டிட்டுப் போ. அடுத்த கிழமை ஆரும் சுவிசுக்குப் போகேக்க குடுத்து விடுறன்.”

8.55க்கு சூரிச். கணவரோடும் பிள்ளையோடும் வந்திருந்த தங்கை முதலில் கேட்டது, “அக்கா, சட்டை எங்க?”

மூன்று மாதமாகத் தினமும் வேலை முடிந்து வந்து நானே தைத்த ஞானஸ்நானச் சட்டை. கசங்கக் கூடாதென்று பார்சல் பெட்டியில் சேலைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். தங்கையின் கணவரிடம் கைபேசியை வாங்கி அண்ணனை அழைத்தேன்.

“அண்ணை, பிள்ளையின்ர சட்டை உங்கட காருக்க கிடக்குது.”



“எத்தினை மணிக்குக் கோயில்?”

“அஞ்சு.”

“அறுநூற்றைம்பது கிலோமீற்றர். வாறன், வை.”

தரைவழி போகிறவர்களுக்கு: பிரெஞ்சு நெடுஞ்சாலைக் கட்டணம் முப்பது யூரோவுக்கு மேல் வரும். சுவிஸ் எல்லையில் சாலை ஸ்டிக்கருக்கு 40 பிராங்க். எல்லையில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, மிளகாய்த்தூள் மணத்துக்கு இரண்டு தும்மல் போட்டுவிட்டு உடனே மூடச் சொன்னாராம்.

நாலு இருபத்தைந்துக்கு அண்ணனின் கார் கோயில் வாசலுக்கு வந்தது. சட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு இறங்கினார். தங்கைதான் முதலில் வாய் திறந்தாள்.

“அண்ணை, சாப்பிட்டீங்களே?”

“பேந்து சாப்பிடுவம். பிள்ளையைத் தா, சட்டையைப் போடுவம்.”

நான் அழுதுவிட்டேன். விருந்தில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அண்ணன்தான்.

போகிறவர்களுக்கு என் புத்திமதி: ரிக்கற்றை முழுக்க வாசியுங்கள். சாமான் அதிகமென்றால் ரயிலில் போங்கள். ஆறு மணி நேரம் எடுக்கும், ஆனால் பெட்டியை யாரும் நிறுக்க மாட்டார்கள். முக்கியமானதைக் கைப்பையில் வையுங்கள். ஆனால் பாரிஸில் உங்களுக்கும் கோபக்கார அண்ணன் ஒருவர் இருந்தால், அது பெரிய பெட்டியிலேயே இருக்கட்டும்.