தக்கை சாய்ந்த வரி

திருப்பதியில் ஒரு கல்லூரியில், நன்றாக எழுதுவது எப்படி என்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். என்னிடம் இரண்டு நிமிடத்துக்குத்தான் சரக்கு இருந்தது. "ஒரு வருஷம் ஏரியில் தூண்டில் போடுங்கள், அப்புறம் எழுதுங்கள்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். துறைத் தலைவர் அம்மாள், ஐயா தமாஷாகப் பேசுவார் என்று சமாளித்தார். தமாஷா? வந்த கோபத்துக்கு மைக்கை வைத்துவிட்டு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. மீதி நேரம் முழுக்க உவமை, நடை, சொல்வளம் என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டு, போர்த்திய சால்வையோடு ஊருக்குப் பஸ் ஏறினேன். ஊருக்குத்தான் உபதேசம்.

அந்தப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வெதுருகுப்பம் பக்கம், தெலுங்குச் சீமையில் தமிழ் பேசுகிற ஊர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சோறு தின்றுவிட்டு, வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நானும் என் தம்பியும் ஏரிக்குப் போவோம். அவன் என்னைவிட மூன்று வயது சின்னவன். மீன் பிடித்து விற்கிறவர்கள் இல்லை நாங்கள். எங்களுக்கு அது பொழுதுபோக்கு. மூங்கில் கழி, நைலான் நரம்பு, ஒரு முள், காய்ந்த சோளத்தட்டையில் வெட்டிய தக்கை, கொட்டாங்கச்சியில் மண்புழு. ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர் "ஏமன்னா, படிந்தா?" என்று தெலுங்கில் விசாரிப்பார். விழவில்லை என்று தலையை மட்டும் ஆட்டுவோம். கரையில் நாங்கள் பேசுவதில்லை.

பார்க்க வேண்டியது தக்கையை மட்டும்தான். பொடிக் கெண்டைகள் புழுவைக் கொத்தும்போது தக்கை குதிக்கும், கும்மாளம் போடும். புதிதாக வந்தவன் அதைப் பார்த்து இழுப்பான், வெறும் முள் வரும். பெரிய கெண்டை அந்த ஆட்டமெல்லாம் ஆடாது. தக்கை லேசாக ஒரு பக்கம் சாயும், அவ்வளவுதான். காற்று என்று நினைத்து விட்டுவிடலாம். அந்தச் சாய்வைக் கண்டுபிடிக்கிறவனுக்குத்தான் மீன். எழுத்தும் படிப்பும் அப்படித்தான். துள்ளுகிற வரியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கனமான சேதி ஒரு வரியை லேசாகச் சாய்த்துவிட்டுப் போய்விடும். இதை நான் ஏரியில் பத்து வயதிலேயே தெரிந்துகொண்டேன். காகிதத்தில் தெரிந்துகொண்டபோது காலம் கடந்துவிட்டது.

தம்பிக்கு ஒரு சுபாவம். எதையும் ஒரு தடவைதான் கேட்பான். பந்தியில் குழம்பு கேட்டு, கேட்டது யார் காதிலும் விழவில்லை என்றால், வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவான். ஏரிக்கரையில் பொழுது சாயும்போது, தண்ணீரைப் பார்த்தபடியே, "போலாமாண்ணா?" என்பான். "இருடா, இன்னொண்ணு" என்பேன் நான். அப்புறம் நானாக எழும்வரை உட்கார்ந்திருப்பான். கொசு பிடுங்கும். வாயைத் திறக்க மாட்டான்.

தொண்ணூறுகளில் ஊர் இளவட்டம் பாதி கிளம்பிப் போனது. பெங்களூருக்கும் சென்னைக்கும் போனவர்கள் போக, டிரைவிங் லைசென்ஸ் இருந்தவர்கள் குவைத்துக்குப் போனார்கள். தம்பியும் ஒரு வீட்டுக் கார் ஓட்டப் போனான். அங்கே போனைத் தொட அவனுக்கு அனுமதி இல்லை. எங்கள் ஊருக்கு போன் பூத்தும் வந்திருக்கவில்லை. எல்லாம் கடிதம்தான்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற கடிதத்தை ஞாயிறு ஆராதனையில், ஸ்தோத்திரம் சொல்கிற நேரத்தில், சபை முன்னால் நின்று வாசிப்பார்கள். பிள்ளைகள் எல்லோரும் பள்ளியில் தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்து வீட்டில் பைபிளைப் பார்த்துக் கற்றதுதான். அதைத் தடுக்காமல் படிக்கிறவன் நான். அதனால் பாதி வீட்டுக் கடிதம் என் கைக்குத்தான் வரும். நான் சும்மா படிக்க மாட்டேன். 'நல்லாகீறேன்' என்று எழுதியிருந்தால், 'ஆண்டவருடைய பெரிதான கிருபையினாலே சகல நன்மைகளோடும் இருக்கிறேன்' என்று வாசிப்பேன். பெண்கள் பக்கம் முந்தானை கண்ணுக்குப் போகும். போதகர் முதுகில் தட்டுவார். எனக்குத் தலைகால் புரியாது.

தம்பி போன இரண்டாவது மழைக்காலத்தில் ஒரு கடிதம் வந்தது. பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் அப்படியே கோயிலுக்கு எடுத்துப் போய்விட்டேன். வெயில், முதலாளி பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, சாப்பாட்டு விவரம் என்று படித்துக்கொண்டே வந்தேன். வாய்க்கு ஒரு வரி முன்னால் கண் ஓடிக்கொண்டிருந்தது. 'நெஞ்சுல வலி வருதுண்ணா. வந்துடட்டா?' என்று எழுதியிருந்தான். அதற்கு அடுத்த வரி, 'ஏரி ரொம்பிச்சா?'

முன்வரிசையில் நைனா, எங்கள் அப்பா, முழங்கால்மேல் கைகளை வைத்துக்கொண்டு, பெருமையாக உட்கார்ந்திருந்தார். நான் அந்த வரியைத் தாண்டினேன். "நம் ஏரி நிரம்பி வழிகிறதா, அண்ணா?" என்று குரலை நடுங்கவிட்டு வாசித்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அப்பா அம்மாவைப் பயமுறுத்த வேண்டாம் என்று செய்ததாக ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். என் வாசிப்பு அன்று அவ்வளவு அழகாகப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை.

அன்று மத்தியானமே பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம். ஏரி நிரம்பியது, கரையில் அவன் உட்காரும் இடத்தில் புல் முளைத்தது, மூலையில் சாத்தி வைத்த அவன் தூண்டில், பொறுத்திருக்கிறவனுக்குத்தான் பெரிய மீன், வலியும் ஒருநாள் கரை ஒதுங்கும். இரண்டு தடவை அடித்துத் திருத்தி, நல்ல தாளில் எடுத்தெழுதினேன். வலியைப் பற்றிய இடத்தைத் தாண்டிவிட்டு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா அழுதுவிட்டு, "எவ்ளோ சோக்கா எழுதிக்கீற" என்றாள். மறுநாள் புத்தூர் போய்த் தபாலில் சேர்த்தேன்.

மூன்றாம் மாதம் அவனைப் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுபோனதாம். சென்னை விமான நிலையத்துக்கு வேன் வைத்துக்கொண்டு போய் வாங்கி வந்தோம். கூடவே ஒரு பை வந்தது. இரண்டு சட்டை, பிரிக்காத சென்ட் பாட்டில், என் கடிதங்கள். அந்த நாலு பக்கக் கடிதத்தின் கடைசித் தாளுக்குப் பின்னால் பென்சிலில் எழுதியிருந்தான்: 'அண்ணா, லெட்டர் ரொம்ப நல்லா இருந்துச்சி. ரூம்ல எல்லாருக்கும் படிச்சிக் காட்னேன். வரவா வேணாவான்னு மட்டும் தெரியல.'

வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டாவது முறை கேட்க ஆரம்பித்திருக்கிறான். அனுப்பவில்லை. அந்தத் தாளை நான் ஒளித்து வைத்தேன். நைனா எதுவும் தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போகிறேன். பொழுது சாயும்போது என் இடது பக்கம் அவன் இருக்கிறான். திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் இருக்க மாட்டான் என்று தெரியும். "போலாமாண்ணா?" என்று கேட்கும். தக்கை சாய்ந்து கிடந்தாலும் சரி, கழியைத் தூக்கிக்கொண்டு உடனே எழுந்துவிடுகிறேன். எழுதும்போதும் அவன் விடுவதில்லை. ஒரு வாக்கியம் அழகாக வந்து விழுந்தால் பேனாவைக் கீழே வைப்பேன். எதைத் தாண்டுவதற்காக இதை எழுதினேன் என்று தேடுவேன். பெரும்பாலும் அடித்துவிடுவேன். சிக்கனமான நடை என்று பாராட்டுகிறார்கள். சிக்கனமாவது மண்ணாவது, பயம்.

கல்லூரியிலிருந்து வீடு திரும்பிய அன்று சாயந்திரம், அம்மா சால்வையைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னா பேசின அங்க?"

"எப்டி நல்லா எழுதறதுன்னு கேட்டாங்கம்மா."

"அப்ப தம்பி லெட்டரப் படி."

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்துத் தருவாள். நானும் கோயிலில் வாசித்த மாதிரியே, தாண்டவேண்டியதைத் தாண்டி வாசிப்பேன். இத்தனை வருஷத்தில் எங்கே தாண்டுவது என்று நாக்குக்கே பழகிவிட்டது. அன்று கிறிஸ்துமஸ் இல்லை, ஆனாலும் எடுத்துத் தந்தாள். எனக்கும் அளந்து அளந்து அலுத்திருந்தது. எழுதியிருந்தபடியே படித்தேன். 'நெஞ்சுல வலி வருதுண்ணா. வந்துடட்டா?' என்பதையும் படித்தேன்.

அம்மா கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இது எங்க இருந்துது இத்தினி நாளா?"

"இங்கியேதாம்மா இருந்துது."

"எங்க, காட்டு."

அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த வரியின்மேல் வைத்தேன்.

"அவனுக்கு நீ எழுதனத அன்னிக்கி எனக்குப் படிச்சிக் காட்னியே. அதுல 'வா'ன்னு எழுதினியாடா?"

"இல்லம்மா."

அம்மா விரலை எடுக்கவில்லை.